பழைய மாஸி 35: வாசகர் கேள்வி, பழுது பார்ப்பவர் பதில்

கேள்வி: மூன்று சிலிண்டர் மாஸி பெர்குசன் 35 டிராக்டர். உழுதுகொண்டிருக்கும்போதே டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. டேங்க்கை நிரப்பிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரிதான் இறங்குகிறது. என்ன செய்வது? — வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்றாமல் எவ்வளவு சுற்றினாலும் நாசிலுக்கு (டீசலை எஞ்சினுக்குள் தெளிக்கும் முனை) டீசல் போகாது.

டேங்க் குழாய் திறந்திருக்கிறதா, நிறுத்தும் குமிழ் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள, டேங்க்கிலிருந்து டீசலைத் தள்ளும் ஃபீட் பம்ப்பின் கைநெம்புகோலை அடியுங்கள். நுரையில்லாத டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். நெம்புகோல் தொளதொளவென்று ஆடி டீசலைத் தள்ளாவிட்டால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பம்ப்பை இயக்கும் கேம் அதன் மேட்டில் நின்றிருக்கும். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

அடுத்தது, நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் சி.ஏ.வி. கம்பெனியின் டி.பி.ஏ. மாடல் இன்ஜெக்‌ஷன் பம்ப். இதில் இரண்டு ஏர் ஸ்க்ரூ உண்டு: ஒன்று நாசில் பைப்புகள் கிளம்பும் தலைப்பகுதியின் பக்கத்தில், மற்றது மேலே கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) மூடியில். பலர் கீழே உள்ளதை மட்டும் திறந்துவிட்டு மேலே உள்ளதை மறந்துவிடுவார்கள், வண்டி இரண்டு நிமிடம் ஓடி மறுபடி நிற்கும். இரண்டையும் தளர்த்தி அடியுங்கள். நுரை நின்றதும் முதலில் கீழே உள்ளதையும் பிறகு மேலே உள்ளதையும் இறுக்குங்கள். கடைசியாக, நாசில் முனையில் இரண்டு பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து செல்ஃப் கொடுங்கள். டீசல் விட்டுவிட்டுத் துள்ளி வந்ததும் நட்டுகளை இறுக்கினால் எஞ்சின் பிடிக்கும். ஓடும் எஞ்சினில் கசிவு தேட விரலை வைக்காதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டுங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டீசல் தீராமலேயே அடிக்கடி காற்று புகுந்தால் பைப் இணைப்பில்தான் கோளாறு. இந்த வண்டியில் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருப்பதால் கண்டுபிடிப்பது சுலபம்: பைப்புகளைத் துடைத்துவிட்டு, குழாயைத் திறந்துவைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் ஈரமாக இருக்கும் இணைப்பில் செம்பு வாஷரை மாற்றுங்கள். எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு தானாக ஏறி, ஆயில் நீர்த்துத் தெரிந்தால் ஃபீட் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்து டீசல் சம்ப்புக்குள் (எஞ்சினின் ஆயில் தொட்டி) இறங்குகிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

கேள்வி: கல்டிவேட்டரைத் தூக்கி வைத்தால் எஞ்சின் ஓடும்போது தலையாட்டுவதுபோல் ஏறி இறங்குகிறது. எஞ்சினை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. பம்ப்பையே மாற்றச் சொல்கிறார்கள். — வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பம்ப்பை மாற்றுவதற்கு முன் இரண்டு மணி நேரம் செலவிட்டுப் பாருங்கள். தூக்கிய பளு கசிவால் இறங்குகிறது, கண்ட்ரோல் அதை உணர்ந்து பம்ப்பைத் திறக்கிறது, பளு ஏறுகிறது, மறுபடி கசிகிறது. அந்த ஆட்டத்துக்குக் காரணம் இவ்வளவுதான். பம்ப்பால் பளுவைத் தூக்க முடிகிறதென்றால் அது வேலை செய்கிறது என்றுதான் பொருள். எங்கே கசிகிறது என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் ஆயிலை வடித்துவிட்டு, சீட்டுக்குக் கீழே பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். பி.டி.ஓ. (பின்னால் இணைக்கும் கருவிகளைச் சுற்றவைக்கும் தண்டு) நியூட்ரலில் இருக்கட்டும். பளுவைத் தூக்கி, கல்டிவேட்டருக்கு அடியில் கட்டை கொடுத்து (பளு கட்டையில் ஏறி நிற்கக் கூடாது), எஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே இருக்கும் லிஃப்ட் சிலிண்டரின் பின்வாயிலிருந்து ஆயில் ஒழுகினால் பிஸ்டன் ரிங் அல்லது சீல் போயிற்று. பம்ப்பிலிருந்து மேலே ஏறும் குழாயின் இணைப்பில் ஒழுகினால் சில ரூபாய் ஓ-ரிங்தான் குற்றவாளி. எங்கும் ஒழுகாமல் பளு மட்டும் இறங்கினால்தான் பம்ப்பின் வால்வுகளைச் சந்தேகிக்க வேண்டும். லிஃப்ட் கவரைத் தூக்கும் வேலை வந்தால் செயின் பிளாக் இல்லாமல் தொடாதீர்கள், அதன் எடை ஆள்கையில் அடங்காது.

ஆயிலையும் கவனியுங்கள். கியர், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் இதில் ஒரே ஆயில், ஏறத்தாழ 30 லிட்டர். அது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து, மழையில் அந்த வழியாக இறங்கியிருக்கும். முழுவதும் வடித்து, ஸ்ட்ரெய்னரைக் கழுவி, உறையை மாற்றிவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். உறையை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: இங்கிலாந்திலிருந்து வந்த பழைய 35. முந்தைய உடைமையாளர் பேட்டரியின் பாசிட்டிவை பாடியில் பூட்டியிருக்கிறார். தவறா? — வாசகர், கிளிநொச்சி

பதில்: தவறில்லை. டைனமோ வைத்து வந்த அந்தக் கால வண்டிகள் பாசிட்டிவ் எர்த்தாகவே வந்தன. அப்படியே ஓட்டலாம். ஆல்டர்னேட்டர் போட வேண்டுமானால் மட்டும் நெகடிவ் எர்த்தாக மாற்றியாக வேண்டும். ஆம்மீட்டரின் இரண்டு வயர்களை இடம் மாற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒன்றும் செய்ய வேண்டாம், எந்தப் பக்கம் இணைத்தாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும்.

கேள்வி: டேப்பட் (வால்வு இடைவெளி) எவ்வளவு வைக்க வேண்டும்? நாசிலை மாஸி 135 வண்டியிலிருந்து எடுத்துப் போடலாமா? — வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.30 மி.மீ. (0.012 அங்குலம்). முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூட ஒன்று திறக்கும் நிலையில் வந்ததும் புல்லியில் சாக்பீஸ் கோடு போட்டு, சரியாக ஒரு சுற்றுச் சுற்றி அந்த சிலிண்டரைச் சரிசெய்யுங்கள். இந்த எஞ்சினின் ஃபயரிங் வரிசை 1-2-3. அதனால் அங்கிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று போனால் இரண்டாவது, மறுபடி அவ்வளவே போனால் மூன்றாவது. ஃபீலர் கேஜ் லேசான இழுப்போடு நுழைய வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளவு பாருங்கள், இறுக்கும்போதே மாறிவிடும்.

நாசிலை வகை ஒத்துப் பார்க்காமல் போடக் கூடாது. இரண்டுமே பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர்தான், 91.4 மி.மீ. போர், 127 மி.மீ. ஸ்ட்ரோக். இரண்டிலுமே டீசல் நேரே பிஸ்டன் தலையில்தான் தெளிக்கப்படுகிறது. ஆனால் நாசிலின் வகை எஞ்சினுக்கு எஞ்சின் மாறலாம். கடைக்குப் போகும்போது எஞ்சின் நம்பரை எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. வலது டிரம்மில் ஆயில் தெரிகிறது. ஷூவை பெட்ரோலில் கழுவிப் போட்டேன், மறுநாளே பழையபடி. — வாசகர், செய்யாறு

பதில்: ஆயில் குடித்த லைனிங் கழுவினால் தேறாது. சூடேறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும். இரண்டு பக்கமும் புது ஷூ போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இழுப்பு தொடரும். அதற்கு முன் ஆயில் ஏன் வந்தது என்று பாருங்கள். பின் ஆக்சிலில் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். அளவு சரியென்றால் ஆக்சில் ஆயில் சீல்தான். பேரிங்கைப் பிடித்திருக்கும் காலர் சூடேற்றி இறுக்கமாக ஏற்றப்பட்டது. சுத்தியலால் அடித்துக் கழற்றினால் ஷாஃப்ட் கெடும், பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வேலை முடியும்வரை வண்டியை ரோட்டுக்கு எடுக்க வேண்டாம். முடிந்த பிறகும் ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டு ஒன்றாக இணைத்தே ஓட்டுங்கள்.