ரோந்தில் போலீஸ்காரருக்கு என்ன வேலை?

கேள்வி: வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவம் ரோந்து போனால் கூடவே போலீஸும் போக வேண்டும் என்று பிரிட்டிஷ், அயர்லாந்து அரசாங்கங்கள் பேசி முடிவெடுத்தனவாமே? அந்தப் போலீஸ்காரர் ஒப்புக்குச் சப்பாணிதானே? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: பாதி அப்படித்தான். ஆனால் அதைக் கேட்டு வாங்கிய டப்ளின்காரர்கள், அதாவது அயர்லாந்து அரசாங்கத்தார், ஏமாளிகள் இல்லை.

1985 நவம்பரில் வட அயர்லாந்தின் ஹில்ஸ்பரோவில் இரு அரசாங்கங்களின் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர்களை உறுத்தியது பிரிட்டிஷ் ராணுவத்தின் அல்ஸ்டர் டிஃபென்ஸ் ரெஜிமென்ட். 1970-இல் உள்ளூர் ஆட்களைக் கொண்டு அமைத்த படை, பலர் பகுதிநேரச் சிப்பாய்கள், ஏறக்குறைய எல்லாரும் புராட்டஸ்டன்ட்டுகள். அங்கே பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்டுகள் பிரிட்டன் பக்கம், கத்தோலிக்கர் அயர்லாந்து பக்கம். பகலில் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருப்பவர் ராத்திரி சீருடையில் காரை நிறுத்தி, பெயர் தெரிந்தும் பெயரைக் கேட்பார். கத்தோலிக்கருக்கு எப்படி இருந்திருக்கும்? உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். மலாயா அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று, ரப்பர் பால்வெட்டப் போனவர்களிடம் அரிசி இருக்கிறதா என்று வாசலில் தடவிப் பார்த்த கதையைச் சொல்வார்கள்.

அங்கே சட்டமும் சிப்பாய்க்குத் தாராளம். ராணுவத்தான் என்ற முறையில் கைது செய்கிறேன் என்று சொன்னால் போதும், நான்கு மணி நேரம் பிடித்து வைக்கலாம். அதனால்தான் மக்களை நேரடியாகத் தொடும் ரோந்துகளில் போலீஸ் இருக்கட்டும் என்றார்கள். 2020 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நம் மலேசியச் சாலைத் தடுப்புகளில் ராணுவம் வந்து நின்றதே, நினைவிருக்கிறதா? கடிதத்தை வாங்கிப் படித்தது, எங்கே போகிறீர்கள் என்று கேட்டது எல்லாம் பெரும்பாலும் போலீஸ்தான். சிப்பாய் துப்பாக்கியோடு ஓரமாக நின்றார். தகராறு என்றால் எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்று நமக்குத் தெரியும்.

அங்கே அது எடுபடவில்லை. 'மிக விதிவிலக்கான சூழ்நிலை தவிர' என்று ஒப்பந்தத்தோடு வந்த கூட்டறிக்கையிலேயே ஒரு சந்து விட்டிருந்தார்கள். போலீஸ் இல்லாமலே ரோந்து போகிறது என்று டப்ளின் வருடக்கணக்கில் முறையிட்டது. சரி, போலீஸ் வந்தாலும் யார் வந்தார்? வட அயர்லாந்துப் போலீஸான அல்ஸ்டர் காவல் படையிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புராட்டஸ்டன்ட்டுகள். காரில் இருந்த கத்தோலிக்கருக்கு இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

1992-இல் அந்த ரெஜிமென்ட்டை வேறொரு படையோடு இணைத்துப் பெயரை மாற்றினார்கள். போலீஸில் கை வைக்க 2001 ஆயிற்று. அதன்பிறகு பத்து வருடம், புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர் என்று சட்டம் போட்டுத்தான் போலீஸில் கத்தோலிக்கரின் எட்டு விழுக்காட்டை முப்பதுக்குப் பக்கத்தில் கொண்டுவர முடிந்தது.