கண்மாய்ச் சேறும் பழைய ஜீப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் 1980-களில் வாங்கிய மஹிந்திரா ஜீப் இன்னும் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் உள்வாயில் சிக்கினால், முன் பம்பரில் சங்கிலியைப் போட்டு டிராக்டரால் இழுப்போம். இப்போது பம்பரே ஒரு பக்கம் பிதுங்கி நிற்கிறது. முறையான இழுவைக் கொக்கி போட என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: முதலில் பம்பரில் சங்கிலி போடுவதை நிறுத்துங்கள். இடிபட்டால் தாங்குவதற்காக வைத்தது பம்பர். முன்னோக்கி இழுத்தால் அதன் போல்ட்டுகள் பிய்த்துக்கொண்டு வரும்.

எவ்வளவு பாரம் என்று தெரிந்தால்தான் எந்தக் கனத்தில் போடுவது என்று தெரியும். ஆளும் சாமானும் சேர்த்து உங்கள் ஜீப் ஒன்றரை டன்னைத் தாண்டும். சக்கரத்தின் மையம் வரை புதைந்தால், வெளியே எடுக்க ஏறத்தாழ வண்டியின் எடை அளவுக்கே இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு, அதாவது மூன்று டன்னுக்கு மேல். அதனால் கயிற்றை எடுக்கும் முன் மண்வெட்டியை எடுங்கள். சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டிவிட்டு, அச்சுக்கு அடியில் அடைத்திருக்கும் களிமண்ணையும் வாரிவிட்டால் பாரம் வெகுவாகக் குறையும்.

அடுத்தது சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். கொக்கி எவ்வளவு கனமாக இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் சட்டம்தான் பாரத்தை வாங்க வேண்டும். முன் நுனியில் ஒரு அடி நீளத்துக்கு மண்ணையும் கிரீஸையும் சுரண்டி எடுத்து, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் மொத்தென்று அடங்கிவிடும். ரிவெட் தலையைச் சுற்றிச் செம்பழுப்புக் கோடு வழிந்திருந்தால் அந்த ரிவெட் உள்ளே ஆடுகிறது என்று பொருள். ஸ்க்ரூடிரைவர் முனை அழுந்துகிற இடத்தில் கொக்கி போடவே கூடாது. முதலில் சட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

சட்டம் நன்றாக இருந்தால், இடது வலது இரண்டு பக்கமும் கொக்கி போடுங்கள். ஒன்று மட்டும் போட்டு ஓரமாக இழுத்தால் பழைய ஏணிச் சட்டம் சாய்சதுரமாகக் கோணிப்போகும். கொக்கி என்பது பக்கத்துக்கு ஒரு 10 மி.மீ. தகடுதான். அது சட்டத்தின் நிமிர்ந்த பக்கவாட்டு முகத்தில் 150 முதல் 200 மி.மீ. நீளத்துக்குப் படிந்து உட்கார வேண்டும். மேல், கீழ் மடிப்புகளில் துளை போடாதீர்கள். வளைவு விசையில் பெரும்பகுதியை அவைதான் சுமக்கின்றன. உட்பக்கம் 6 மி.மீ. தாங்கு தகடு வையுங்கள். போல்ட் எம்12, 8.8 தரம், பக்கத்துக்கு மூன்று. துளை 13 மி.மீ., துளைக்குத் துளை குறைந்தது 40 மி.மீ. இப்படி வைத்தால் இழுப்பு சட்டத்தின் நீளவாக்கிலேயே போகும். நட்டைப் பிய்க்கிற இழுப்பாக மாறாது. முறுக்கு 80 நியூட்டன் மீட்டர். நைலான் வளைய நட்டு நல்லது. முதல் தடவை பாரம் இழுத்ததும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

போல்ட் தலையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். பழைய ஜீப்பில் அங்குல மரைதான் அதிகம். அதில் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. எதுவுமே பொறிக்காத போல்ட் கதவுக் கீலுக்குப் போதும், இதற்கு ஆகாது.

தகட்டையும் கயிற்றையும் இணைக்கும் வளையம்தான் ஷேக்கிள். முக்கால் அங்குல போ ஷேக்கிள் (வில் போல அகன்றது) வாங்குங்கள். உடம்பில் 4.75 டன் என்று பொறித்திருக்கும். அதன் வாயைப் பூட்டும் திருகு பின்னின் கனம் 22 மி.மீ. என்பதால் தகட்டில் 25 மி.மீ. துளை வேண்டும். துளை மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது 40 மி.மீ. விடுங்கள். கேஸ் கட்டரால் துளை போடச் சம்மதிக்காதீர்கள். அது விடும் பிசிறில்தான் விரிசல் பிடிக்கும். லேத் பட்டறையில் ட்ரில் போட்டு, விளிம்பை உருட்டித் தரச் சொல்லுங்கள். கடைசியில் துளைகளுக்குள்ளும் ரெட் ஆக்சைடு தடவிவிட்டுப் பூட்டுங்கள்.

கேள்வி: பட்டறையில் போல்ட் எதற்கு, கம்பியை வளைத்து சேஸிஸில் வெல்ட் வைத்தால் போதும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், புதுவயல்

பதில்: சரியில்லை. அவர்கள் வளைக்கப்போவது பெரும்பாலும் கான்கிரீட்டுக்குப் போடும் டி.எம்.டி. கம்பி. அதன் பலம் வெளித்தோலைத் திடீரென்று குளிரவைத்துப் பதப்படுத்தியதில் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சி வளைத்தால் அந்தப் பதம் போய்விடும். சட்டமோ மெல்லிய தகடு. பல வருஷத் துருவும் சேர்ந்திருக்கும். அதன் மேல் கனத்த இரும்பை ஒட்டவைக்க அதிகக் கரண்ட் வைத்தால், வெல்ட் ஓரத்தில் சட்டம் அரித்துப் பள்ளமாகிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாளாவட்டத்தில் அந்தப் பள்ளத்திலிருந்து மயிரிழை போல விரிசல் கிளம்பி, சேற்றில் முழு பாரம் ஏறும் நேரத்தில் கம்பி கயிற்றோடு பறந்து வரும். இழுக்கிற டிராக்டர் ஓட்டுநர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: மாருதி ஜிப்ஸிக்கும் இதே முறைதானா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஒரு வித்தியாசம் உண்டு. ஜிப்ஸியின் சட்டம் பெட்டி வடிவம். வெளியிலிருந்து போல்ட்டை முறுக்கினால் பெட்டி நசுங்கும். நசுங்கிய அளவுக்கு முறுக்கும் தளர்ந்துவிடும். அதனால் பெட்டிக்குள் போல்ட் நுழையும் இடத்தில், உள் அகலத்துக்கு அச்சாக வெட்டிய இரும்புக் குழாயை நிறுத்தி, அதன் வழியே போல்ட்டைக் கொண்டுபோக வேண்டும். லாரியில் கட்டி அனுப்புவதற்காக வைத்த சிறு வளையங்களில் சேற்று இழுவை வேண்டாம். பம்பருக்கு முன்னால் துருத்தும் கம்பித் தடுப்பான க்ராஷ் கார்டில் கொக்கி போடும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அத்தகைய கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

கேள்வி: கொக்கி போட்டாயிற்று. டிராக்டரில் எங்கே கட்டுவது? சங்கிலியா, கயிறா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: டிராக்டரின் பின்னால் கீழே இருக்கும் இழுவைச் சட்டமான டிராபாரில் மட்டும் கட்டுங்கள். மேல் லிங்கிலோ பின் அச்சுக்கு மேலேயோ கட்டினால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும். உயிர் போகிற விஷயம் இது.

சங்கிலி நீளாது, தொய்வாக விட்டுச் சட்டென்று இழுத்தால் முழு அதிர்ச்சியும் சேஸிஸில் இறங்கும். சங்கிலிதான் கையில் இருக்கிறது என்றால் முதலில் மெதுவாக நகர்ந்து அதை விறைப்பாக்கி, பிறகு சீராக இழுக்கச் சொல்லுங்கள். ஜீப்பில் இருப்பவர் அதே நேரம் ஃபோர் வீல் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாகச் சுழலும் நிலை) முதல் கியரில் சக்கரத்தை மெல்லச் சுழலவிடட்டும். நீளும் இழுவைப் பட்டையான நைலான் ஸ்னாட்ச் ஸ்ட்ராப் இருந்தால் நல்லது. அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீண்டு இழுப்பைப் பரவலாக்கும். உங்கள் ஜீப்புக்கு எட்டு டன் ஸ்ட்ராப்பே போதும். அதைவிடக் கனமாக வாங்கினால் சிறிய வண்டிக்கு அது நீளவே நீளாது, சங்கிலிக்குச் சமம்.

இரண்டு கொக்கியையும் ஒரே பட்டையால் சேர்த்து இழுங்கள். அந்தப் பட்டையின் இரண்டு கால்களுக்கு இடையிலான கோணம் 60 பாகைக்குள் இருக்கட்டும். 120 பாகையானால் ஒவ்வொரு கொக்கியிலும் முழு பாரமும் ஏறும், இரண்டு போட்டும் பயனில்லை. கயிற்றின் நடுவே ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிடுங்கள். அறுந்தால் அது கயிற்றைத் தரையோடு அழுத்தும். கரையில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரையும் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிறுத்தாமல் டிராக்டரைக் கிளப்பாதீர்கள்.

கேள்வி: இழுத்து முடித்த பிறகு ஷேக்கிள் பின் கழற்ற வராமல் இறுகிப்போகிறது.
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பூட்டும்போதே பின்னைக் கடைசி வரை திருகிவிட்டு, கால் சுற்று திரும்பத் தளர்த்திவிடுங்கள். களிமண் காய்வதற்குள் மரையைக் கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.