‘வி’ எண் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்: எந்தக் காலத்தது?

தாத்தா வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர், 5 அங்குலக் குழல், பிடியின் அடியில் ‘வி’ என்று தொடங்கும் எண், குழலின் மேல் 1914 என்று தேதி. அதனால் முதல் உலகப் போர்க் காலத்ததா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. குழலில் இருக்கும் 1906, 1909, 1914 எல்லாம் காப்புரிமைத் தேதிகள். பலரையும் ஏமாற்றும் இடம் அது. உங்களுடையது இரண்டாம் உலகப் போரின் ‘விக்டரி’ மாடல். வரிசை எண் பத்து லட்சத்தை எட்டியதும், 1942இல் ‘வி’ சேர்த்துப் புதிதாக எண்ணத் தொடங்கினார்கள். ‘எஸ்வி’ என்றிருந்தால் போரின் கடைசிக் கட்டம். கீழே விழுந்தால் தானாக வெடிக்காமல் காக்கும் சுத்தியல் தடுப்பை மாற்றியமைத்த பிறகு வந்தவை.

5 அங்குலம் என்றால் பெரும்பாலும் பிரிட்டன், காமன்வெல்த் படைகளுக்குப் போனது. குழலில் ‘.38 .767’, ‘3½ டன்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். போருக்குப் பின் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோது அடித்த சோதனை முத்திரை அது; .767 என்பது தோட்டா உறையின் நீளம், அங்குலத்தில்; டன் என்பது அழுத்த அளவு.

அப்புறம், அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் இருக்க வேண்டும். பளபளவென்று நிக்கல் பூச்சு இருந்தால் யாரோ பிறகு பூசியது. அசல் மங்கிய சாம்பல் நிறம்தான்.

ஒன்று மட்டும் கவனம். இவற்றில் பலவற்றின் சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறைகளை, .38 ஸ்பெஷல் என்ற நீளமான, சற்றே ஒல்லியான தோட்டாவுக்காகப் பின்னாளில் நீட்டித் துளைத்திருக்கிறார்கள். அறை அகலம் பொருந்தாமல் உறை வீங்கும், பிளக்கவும் செய்யும். துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அளந்து பார்க்கும்வரை சுட வேண்டாம்.