காப்ஸ்யூல் இயந்திரம்: கேட்டவர்களுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருபத்தேழு ஆண்டுகள் காப்ஸ்யூல் நிரப்பும் இயந்திரங்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். துளையில் உட்காரும் காலி உறையை வெற்றிடத்தால் இழுத்து மூடி வேறு, உடல் வேறாகப் பிரித்து, தூளை நிரப்பி, திரும்ப மூடுவதுதான் அதன் வேலை. இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள், மருந்தைப் பற்றி வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். பாதிப் பேர் மருந்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்.

அண்ணா, ஜனவரி வந்தாலே எங்கள் இயந்திரத்தில் உறையின் மூடியும் உடலும் பிரிய மறுக்கின்றன. வெற்றிடத்தைக் கூட்டியும் நூற்றுக்கு நாலைந்து அப்படியே வந்து விழுகின்றன. (டர்பன் அருகே இசிப்பிங்கோ)

தம்பி, ஜனவரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நம் ஊரில் அது புழுக்கமான கோடை. ஜெலட்டின் உறையில் ஈரம் 13 முதல் 16 சதவீதம் வரை இருக்க வேண்டும். கூடினால் மெத்தென்றாகித் துளையில் ஒட்டும், குறைந்தால் நொறுங்கும். காலையில் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பையின் வாயைக் கட்டாமல் மதியம் வரை விட்டால் டர்பன் காற்று சும்மா இருக்குமா? ஓர் உறையை எடுத்து இரண்டு விரலால் லேசாக அமுக்குங்கள். நல்ல உறை திரும்ப நிமிரும். ஒரு கோடையில் நான் அமுக்கிய உறை பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அன்று இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குளிர்சாதனக்காரரைத்தான் கூப்பிட்டேன்.

அறை சரியாக இருந்தால் அடுத்து வெற்றிடக் குழாயின் ஃபில்டர். வெற்றிட மானி நன்றாகத்தான் காட்டும், ஏனென்றால் அது பம்பின் பக்கம் இருக்கிறது. தூள் அடைத்திருப்பது அதற்கு முன்னால். கழற்றித் தட்டிப் பாருங்கள். அதன் பிறகுதான் மேல், கீழ் செக்மென்ட்கள், அதாவது உறைகள் உட்காரும் துளைத் தட்டுகள். சீரமைப்புப் பின்னைத் துளையில் விட்டால் அது தன் எடையிலேயே இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் செக்மென்ட்கள் நேராக இல்லை என்று பொருள். ஒட்டிய உறையை எடுக்க ஸ்க்ரூடிரைவரை மட்டும் துளைக்குள் விடாதீர்கள்.

மூடியின் உச்சியில் குழி விழுகிறது. ஏன்?

மூடும் பின் அதிகமாக ஏறுகிறது. அல்லது நீங்கள் அளவு 1 உறையிலிருந்து அதைவிட நீளமான அளவு 0-க்கு மாறியபோது உயரத்தை மாற்ற மறந்துவிட்டீர்கள்.

ஐயா, டர்பன் ஆலையிலிருந்து இயந்திரத்தை ஜோகன்னஸ்பர்க்குக் கொண்டுவந்தோம். அங்கே வெற்றிட மானி 85 கிலோபாஸ்கல் காட்டியது. இங்கே 70-ஐத் தாண்டவில்லை. புதுப் பம்ப் வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள்! இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மானி காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. கடலோரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 101. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மொத்தமே ஏறக்குறைய 83-தான். இல்லாத 85-ஐ எந்தப் பம்ப் காட்டும்? 101-இல் 85 என்பது 84 சதவீதம். 83-இல் 84 சதவீதம் போட்டுப் பாருங்கள், 70 வரும். பம்ப் பழையபடியே உழைக்கிறது.

ஆனால் உறையைப் பிரிக்கும் இழுவை குறைந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆகவே குழாயில் கசிவு, ஃபில்டரில் அடைப்பு எதற்கும் இடம் கொடுக்க முடியாது. இன்னொன்று: உங்கள் ஊர் ஜூலைக் குளிர்காலக் காற்று எலும்பாய் உலர்ந்தது. டர்பனில் ஒட்டிய உறை அங்கே விரிசல் விடும், நிலைமின்னால் எண்ணும் இயந்திரத்தின் தட்டில் ஒட்டிக்கொண்டு நகராது.

எண்ணும் இயந்திரம் 30 போட வேண்டிய பாட்டிலில் சிலவற்றில் 29, சிலவற்றில் 31 போடுகிறது.

29 என்றால் உடைந்த துண்டு ஒன்றைக் காப்ஸ்யூலாக எண்ணியிருக்கிறது. 31 என்றால் இரண்டு ஒட்டிக்கொண்டு விழுந்து ஒன்றாகப் போயிருக்கின்றன. அதிர்வைக் குறைத்து, சென்சார் கண்ணாடியை நூல் உதிராத துணியால் துடையுங்கள். காற்றடித்துத் தூளைக் கிளப்பாதீர்கள். அது திரும்பவும் அதே கண்ணாடியில்தான் உட்காரும்.

எங்கள் இயந்திரத்திலும் உறை பிரியவில்லை.

மேலே படியுங்கள்.

அண்ணா, நான் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. காப்ஸ்யூல் உறை மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா?

அம்மா, ஜெலட்டின் இரண்டிலிருந்தும் வரும். உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது, மருந்தாளரிடம் கேளுங்கள். மரச் செல்லுலோஸிலிருந்து செய்யும் ஹெச்பிஎம்சி உறையும் இருக்கிறது.

இந்த ஒரு பதிலுக்குப் பதினான்கு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மருந்துக்கு விரதமில்லை என்கிறார் ஒரு பெரியவர். எல்லா ஆலையும் தாவர உறைக்கு மாறினால் என்ன என்கிறார் இன்னொருவர். உறையைப் பிரித்துத் தூளை மோரில் கலக்கலாம் என்று ஒரு யோசனை வேறு.

கடைசியில் இருந்து வருகிறேன். மருந்தாளரைக் கேட்காமல் பிரிக்காதீர்கள். வயிற்று அமிலத்தைத் தாண்டிக் கரைவதற்கென்று பூச்சுப் போட்ட மணிகள் உள்ளே இருக்கலாம். ஆலை மாறுவது பற்றி: மேலாளர் நினைத்தவுடன் உறையை மாற்ற முடியாது. 2018-இல் பழைய மருந்துக் கட்டுப்பாட்டுக் குழுவின் இடத்துக்கு வந்த சாப்ராவிடம் (நாட்டின் மருந்து ஒழுங்குமுறை ஆணையம்) பதிவான கலவையில் உறையும் ஒரு பகுதி. உறை மாறினால் மருந்து கரையும் விதத்தையும் கெடாமல் இருக்கும் காலத்தையும் மீண்டும் நிரூபிக்க வேண்டும். விலையும் கூடுதல். ஆனால் பராமரிப்புக்காரன் என்ற முறையில் தாவர உறை எனக்குப் பிடிக்கும். ஜெலட்டினில் இருக்கும் ஈரத்தில் பாதிகூட அதில் இருக்காது, உலர்ந்தாலும் அவ்வளவு எளிதில் நொறுங்காது.

விரதத்தைப் பற்றி என் அம்மா இருந்தால் சொல்லியிருப்பார். நான் பம்ப் பார்த்தவன்.

காப்ஸ்யூலுக்குக் காப்ஸ்யூல் எடை மாறுகிறது. தூளை அழுத்தும் பின்களைத் திருப்பட்டுமா?

வேண்டாம். தொட்டியில் தூளின் உயரம் ஒரே அளவில் நிற்கிறதா என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள். அது ஏறி இறங்கினால் பின்னைத் திருப்பி என்ன பயன்?

உறை பிரியவில்லை, என்ன செய்வது?

ஃபில்டர். ஃபில்டர். ஃபில்டர்.

துளையில் ஒட்டிய ஜெலட்டினைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுக்கிறேன். இப்போது எல்லா உறையிலும் ஒரே இடத்தில் கோடு விழுகிறது. காரணம் என்ன?

இதைப் படித்துவிட்டு எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வந்தேன். வெதுவெதுப்பான நீரும் நைலான் பிரஷும் போதும், ஜெலட்டின் தானே கரையும். இப்போது செக்மென்ட்டைக் கழற்றி, குண்டூசி முனையைத் துளையின் உட்சுவரில் அழுத்தாமல் நகர்த்திப் பாருங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கேதான் உங்கள் கோடு. அந்தச் செக்மென்ட்டுக்கு இன்றே ஆர்டர் கொடுங்கள்.