'ரன்' என்னும் வினைக்கு எத்தனை பொருள்?

கேள்வி: நிறுவனத்தை நடத்துவது, குழாயில் தண்ணீர் வருவது, தேர்தலில் நிற்பது ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' என்றே எழுதுகிறார்கள். ஒரே வினைக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? அனைத்தையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?
- கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: மனப்பாடம் வேண்டாம், அது முடியவும் முடியாது. பழைய ஆங்கிலத்தில் இது ஒரு வினையாக இல்லை. தானே ஓடுவதைக் குறிக்க ஒரு வினையும், குதிரையை ஓடச் செய்வதைக் குறிக்க அதன் இனமான இன்னொரு வினையும் இருந்தன. நம் 'ஓடு', 'ஓட்டு' போன்ற தன்வினை, பிறவினை இணை அது. ஒலியில் நெருங்கியிருந்த அவ்விரண்டும் இடைக்கால ஆங்கிலத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆகவே செயப்படுபொருள் வந்தால் 'ஓட்டு' என்றும், வராவிட்டால் 'ஓடு' என்றும் முதலில் வைத்துப் பாருங்கள். கடை நடத்துவது, இயந்திரத்தை இயக்குவது, கணினியில் நிரலை இயக்குவது ஆகியவை முதல் வகையிலும், ஆறு, பேருந்து, திரைப்படம் ஆகியவை ஓடுவது இரண்டாம் வகையிலும் அடங்கிவிடும். ஒரு மைல் ஓடினான் என்பது போல ஓடிய தூரம் பின்னால் வரும் இடங்களில் மட்டும் இந்த வழி இடறும்.

அடுத்து, ஓடுவது எது என்று எழுவாயைக் கவனிக்க வேண்டும். ஆறும் கடிகாரமும் தமிழிலும் ஓடுகின்றன என்பதால் அங்கே சிக்கல் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் 'ரன்' ஆகிற மூக்கு நமக்கு ஒழுகுகிறது. துவைத்த துணியில் 'ரன்' ஆகிற சாயம் நமக்குப் போகிறது. தேர்தலிலோ ஆங்கிலத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு: அமெரிக்க வேட்பாளர் 'ரன்' செய்வார், பிரிட்டன் வேட்பாளர் நம்மவரைப் போல நிற்பார். பின்னொட்டுச் சொற்கள் சேர்ந்த தொடர்களைத்தான் தனித்தனியே கற்க வேண்டியிருக்கும். கிரிக்கெட்டால் நமக்கெல்லாம் பழகிப்போன 'ரன் அவுட்', வீட்டில் பால் தீர்ந்துபோவதையும் குறிக்கும் என்பதை எழுவாயை மட்டும் பார்த்து யாராலும் ஊகிக்க இயலாது.

கேள்வி: ஆங்கிலத்தில் மிகுதியான பொருள் கொண்ட வினை 'செட்' என்று பொது அறிவு நூல்களில் உள்ளது. சிலர் 'ரன்' என்கிறார்கள். எது சரி?
- ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் அந்தந்தக் காலத்தில் சரி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்னும் வினைக்கு 430 பொருள்களும், ஏறத்தாழ 60,000 சொற்கள் கொண்ட விளக்கமும் இருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் பீட்டர் கில்லிவர் என்னும் ஆசிரியர் சுமார் ஒன்பது மாதங்கள் உழைத்து 'ரன்' என்னும் வினைக்கு 645 பொருள்களைப் பிரித்தார். 2011இல் இச்செய்தி பரவலாக வெளிவந்தது. ஆலை, ரயில், கணினி என்று வந்த ஒவ்வொன்றும் இவ்வினையையே எடுத்துக்கொண்டது இதற்கு ஒரு காரணம். எண்ணிக்கையை வைத்து மட்டும் வியக்க வேண்டியதில்லை, ஏனெனில் பேருந்து ஓடுவதும் ரயில் ஓடுவதும் ஒரே பொருளா, இரண்டா என்பதை முடிவு செய்பவர் அகராதி ஆசிரியரே.