ஏழு ஹோம்ஸ்கள்

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஏழு நண்பர்கள் பழைய துப்பறியும் படங்களை இணையத்தில் சேர்ந்து பார்க்கிறோம். கோவையில் மூவர், மற்றவர்கள் சிங்கப்பூர், டொரண்டோ, தோஹா. வாட்ஸாப் குழுவில் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று எண்ணி எல்லாரும் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிடுவோம். இப்போது பாசில் ராத்போன் நடித்த ஷெர்லக் ஹோம்ஸ் படங்களின் வரிசை. சென்ற வாரம் ‘டெரர் பை நைட்’. பத்தாவது நிமிடத்திலேயே கொலையாளி யார் என்று ஐந்து ஊகங்கள் வந்துவிட்டன. ஏற்கெனவே பார்த்த ஒருவர் கண்ணடிக்கும் பொம்மையாக அனுப்பிக்கொண்டிருந்தார். தோஹா நண்பருக்கு இணைப்பு அடிக்கடி அறுந்துவிடும். ‘என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று’ என்று நச்சரிப்பார். படம் முடியும்போது 214 செய்திகள். படம் பார்ப்பது என்பது இதுதானா? படம் ஓடும்போது அரட்டைக்குத் தடை போடலாமா? வண்ணமேற்றிய பிரதிகளைப் பார்க்கலாமா?

ர., கோவை

அன்புள்ள ர,

வண்ணமேற்றிய பிரதி வேண்டாம். கண்ணடிக்கிற நண்பரைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. டெண்ட் கொட்டகைக் காலத்திலிருந்து ஊருக்கு ஒருவர் அப்படி உண்டு; அவர் இல்லாவிட்டால் திட்டுவதற்கு ஆள் இருக்காது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘நச்சரிப்பார்’ என்ற ஒரு சொல்தான்.

சில வாரங்களாக, ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலின் கதைகளைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஹோம்ஸை விட்டுவிட்டு அவருடைய நண்பர் வாட்சனை மட்டும் பின்தொடர்ந்தேன். நாவலும் சிறுகதையுமாக மொத்தம் 60. அவற்றில் 56 வாட்சன் சொல்லி நாம் கேட்பவை. ஆப்கானிஸ்தானில் மைவாண்ட் போரில் குண்டடி பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர் அவர். அப்படிப்பட்டவரை உங்கள் ராத்போன் படங்கள் என்ன செய்து வைத்திருக்கின்றன? 1939-இல் இரண்டு, பிறகு 1942 முதல் 1946 வரை பன்னிரண்டு என மொத்தம் 14 படங்கள். எல்லாவற்றிலும் வாட்சனாக நைஜல் புரூஸ் வாயைப் பிளந்துகொண்டு, உறுமிக்கொண்டு, தப்பான ஆளைச் சந்தேகித்துக்கொண்டு வருகிறார். நீங்கள் பார்த்த படத்தில் ரயிலில் ஒரு கணிதப் பேராசிரியரை அவர் விசாரிக்கப் போகிறாரே, கடைசியில் யார் யாரை விசாரித்தார்கள்? நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எரிச்சலடைந்தேன். புரூஸ் நல்ல நடிகர். அவரிடம் எனக்கு வழக்கு இல்லை. வாட்சனை முட்டாளாக்கினால்தான் ஹோம்ஸ் அறிவாளியாகத் தெரிவார் என்று நினைத்தவர்களிடம்தான் வழக்கு.

‘பொஹீமியாவில் ஓர் அவதூறு’ கதையில் ஒரு படிக்கட்டு வருகிறது. தினமும் ஏறி வருகிற மாடிப்படிகள் எத்தனை என்று ஹோம்ஸ் கேட்கிறார். வாட்சனுக்குத் தெரியவில்லை. பதினேழு என்று சொல்லிவிட்டு, நீ பார்க்கிறாய், கவனிப்பதில்லை என்று குட்டுகிறார் ஹோம்ஸ். எல்லாரும் மேற்கோள் காட்டுகிற இடம். ஆனால் அந்தக் குட்டு நமக்கு எப்படித் தெரியும்? குட்டு வாங்கியவரே உட்கார்ந்து அதை எழுதி வைத்ததால் தெரியும். தான் அசடு வழிந்த இடத்தைக்கூட விடாமல் சொல்கிறவன்தான் வாட்சன். தனக்குப் புரியாததையும் புரியவில்லை என்பதற்காக விட்டுவிடுவதில்லை. அந்தப் புத்தி எளிதில் வராது.

எனக்கு வரவில்லை. என் பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து நாள் கடத்திக்கொண்டிருந்தாள். தூர்தர்ஷனில் படம் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் நடப்பதைச் சொல்லுவது என் வேலை. ஒரு நாள் ‘அந்த நாள்’ போட்டார்கள். 1954-இல் ஏவி.எம். எடுத்தது, எஸ். பாலசந்தர் இயக்கியது. வீணையை அப்படி வாசித்த மனிதர் ஒரு பாட்டுகூட இல்லாமல் படம் எடுத்தார் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஒரு மகிழ்ச்சி. பாட்டிக்கு அது தெரியாது. “பாட்டு வரும்போது சொல், எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லி வைத்திருந்தாள்.

படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடித்தது. “பாட்டி, சிவாஜி செத்துவிட்டார்” என்றேன்.

“இன்னும் வெற்றிலைகூட மடிக்கவில்லை, அதற்குள்ளாகவா? சரியாகப் பாரடா.”

சரியாகத்தான் பார்த்தேன். ஆனால் அவள் நம்பவில்லை. சிவாஜி எழுந்து வருவார் என்று வெகுநேரம் காத்திருந்தாள். ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவரையும் விசாரிக்க, பழைய கதைகளில் சிவாஜி திரும்பத் திரும்ப வர, “நான் சொன்னேன் பார்” என்றாள். நீட்டிய காலின் மேல் வைத்திருந்த வெற்றிலையில் சுண்ணாம்பு காய்ந்துபோயிருந்தது. இவள் அழுகிறாள், இவன் கோபமாக நிற்கிறான் என்று நான் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். யாரைக் குற்றவாளி என்று நானே முடிவு கட்டியிருந்தேனோ அந்த முகத்தை மட்டும் பார்த்தேன், அதை மட்டும் சொன்னேன். அசையாமல் இருந்த ஒரு முகத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். யாருடையது என்று இங்கே எழுத மாட்டேன். உங்கள் குழுவில் இன்னும் பார்க்காதவர் இருப்பார்.

பாட்டி கடைசி வரை ஜாவர் சீதாராமன்தான் கொலை செய்தான் என்றாள். “செய்தவனுக்குத்தான் இவ்வளவு கேள்வி தெரியும்.” உண்மை வெளிவந்தபோது அவள் படத்தைக் கோபித்துக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பி, “நீ இதைச் சொல்லவே இல்லையே” என்றாள். அவ்வளவுதான். அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்து அணைந்திருந்தது. பாட்டு வரவே இல்லை அல்லவா?

எனக்கு அப்போது பத்து வயது, மன்னித்துவிடலாம். உங்களுக்கு என்ன வயது, ர? தோஹாவில் வேலை முடிந்து வந்து, அறுந்து அறுந்து வருகிற படத்தின் முன்னால் ஒருவர் உட்கார்ந்து ‘என்ன ஆயிற்று’ என்று கேட்கிறார். 214 செய்திகளில் எத்தனை அவருக்கான பதில்? நீங்கள் எழுதவில்லை. ஒன்றும் இருந்திருக்காது என்று ஊகிக்கிறேன். துப்பறிய எனக்கும் கொஞ்சம் வரும். ஏழு பேரும் ஹோம்ஸாக இருக்க ஆசைப்பட்டீர்கள். பத்தாவது நிமிடத்தில் கொலையாளியைச் சொல்லிவிட்டால் என்ன கொடுக்கிறார்கள், பித்தளைக் குத்துவிளக்கா? அறையில் யார் எங்கே நின்றார்கள், ரயில் எப்போது நின்றது, வைரப் பெட்டியை யார் தொட்டார்கள் என்று நான்கு வரி தட்டச்சு செய்ய உங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. அந்த மனிதரை ‘நச்சரிப்பவர்’ என்று எனக்கு எழுத மட்டும் கை வந்திருக்கிறது.

அரட்டைக்குத் தடை போட்டால் முதலில் வெளியே நிற்கப்போவது அவர்தான். தடை எல்லாம் வேண்டாம். வாரம் ஒருவர் முறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் அவர் ஊகிக்கக் கூடாது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். கஷ்டமாகத்தான் இருக்கும். ராத்போன் வரிசை முடிந்ததும் ரஷ்யர்கள் 1979-இல் தொடங்கி எடுத்த ஹோம்ஸ் படங்களைத் தேடிப் பாருங்கள். விட்டாலி சோலோமின் நடித்த வாட்சனிடம் ஒரு மனிதனின் மரியாதை இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ‘டெரர் பை நைட்’ ஒரு மணி நேரப் படம். தோஹா நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, அன்றைக்கு அவர் தவறவிட்டதை எல்லாம் சொல்லுங்கள். அவசரப்படாமல், சவப்பெட்டி செய்கிற கடையிலிருந்து தொடங்குங்கள்.