புகார்ப் பெட்டியின் சாவி

அன்புள்ள ஐயா,

என் அத்தை மகன் அடிதடி வழக்கில் நான்கு மாதமாக மத்தியச் சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். போன வாரம் அத்தையுடன் மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போயிருந்தேன். காலையில் வரிசையில் நின்று மதியத்துக்குச் சற்று முன்புதான் உள்ளே விட்டார்கள். வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். இடது காது வீங்கியிருந்தது. கேட்டால் "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றான். கிளம்பும்போது, "யாருக்கும் எழுதிப் போட்டுடாதீங்க, அப்புறம் எனக்குத்தான்" என்று மெதுவாகச் சொன்னான். அத்தை நீதிமன்றத்துக்கு எழுதியே தீருவேன் என்கிறார். எழுதினால் ஏதாவது நடக்குமா? அவனுக்கு இன்னும் தொல்லையாகிவிடாதா? நான் வேலை செய்யும் வங்கியில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர், "ஜெயிலுக்குப் போனவனுக்கு என்னப்பா உரிமை? அடிபட்டவனோட உரிமையை எவன் பேசறான்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் இவனும் ஒன்றும் யோக்கியன் இல்லை. சிறை பற்றிய நல்ல நாவல்கள் சிலவற்றையும் நீங்கள் சொல்ல வேண்டும்.

ம., ஈரோடு

*

அன்புள்ள ம.,

நாவல் பட்டியலை விட்டுவிடுவோம். அத்தை மகன் காது வீங்கிக் கிடக்கும்போது நாவல் எதற்கு?

உங்கள் நண்பரின் கேள்விக்கும் அதிக நேரம் வேண்டாம். அடிபட்டவருக்குச் சேர வேண்டியது ஒழுங்கான விசாரணை, தீர்ப்பு, நஷ்டஈடு. பணம் வரவில்லை என்று ஒரு வார்டன் உள்ளே ஒருவனைப் போட்டு அடிப்பதில் அந்த மனிதருக்கு ஒரு பைசா போய்ச் சேர்வதில்லை. 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். நண்பரிடம் இந்த ஒரு எண்ணைச் சொல்லுங்கள், போதும்.

ஆனால் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "இவனும் ஒன்றும் யோக்கியன் இல்லை" என்று, அதை நான் அப்படி விட முடியாது. நண்பர் சொன்னதைவிட அதுதான் எனக்கு உறுத்தியது. நண்பர் யாரோ. நீங்கள் அந்தக் காதைக் கண்ணால் பார்த்தவர்.

யோக்கியன் என்றால் சுனில் பத்ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில நாட்களாக நானே அவரை நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் சரியாக அப்போது வந்தது. கொள்ளையோடு சேர்ந்த ஒரு கொலைக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு தில்லி திகார் சிறையில் இருந்தவர். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட ஒரே காரணத்துக்காகத் தன்னைத் தனிமையில் அடைக்கக் கூடாது என்று வழக்காடி, 1978இல் உச்ச நீதிமன்றத்தில் அதை நிலைநாட்டினார். அதே வழக்கோடுதான் சார்லஸ் சோப்ராஜின் கால் விலங்கு விவகாரமும் விசாரிக்கப்பட்டது. சோப்ராஜ் ஒரு தொடர் கொலைகாரர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மறு ஆண்டு, 1979இல், பத்ரா ஒரு கடிதம் எழுதினார். இந்த முறை தனக்காக இல்லை. சிறையில் இன்னொரு கைதியிடம் வார்டன் பணம் கேட்டிருக்கிறார். பணம் வராததால் அந்தக் கைதியின் ஆசனவாயில் கம்பைச் செலுத்திக் கிழித்துவிட்டார். பத்ரா அதை எழுதி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுப்பினார். வக்கீல் இல்லை, கட்டணம் இல்லை, பிரமாண வாக்குமூலம் இல்லை. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே, அடிப்படை உரிமைக்காகப் போடும் ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது. இரண்டு வழக்கறிஞர்களை நியமித்து, சிறைக்குள் போய்க் கைதியைப் பார்க்கவும், ஆவணங்களைப் புரட்டவும், சாட்சிகளிடம் பேசவும் அதிகாரம் கொடுத்தது. சிறைத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? கீழே விழுந்திருப்பான், தானே செய்துகொண்டிருப்பான், மூலநோயாக இருக்கும். கைதியை மட்டுமல்ல, சிறை மருத்துவரையும் மிரட்டி விஷயத்தை அமுக்கப் பார்த்திருக்கிறார்கள். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று நீங்கள் எழுதியிருந்த வரியில் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இந்தியாவில் கைதிகள் உரிமை என்று இன்று எந்த வக்கீல் வாயைத் திறந்தாலும் இந்த வழக்கின் பெயரைச் சொல்லாமல் முடியாது. அதன் அடியில் கிடப்பது ஒரு தூக்குத் தண்டனைக் கைதி, இன்னொரு கைதிக்காக எழுதிய கடிதம். யோக்கியர்கள் எழுதட்டும் என்று காத்திருந்தால் அந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

தீர்ப்பை எழுதிய வி.ஆர். கிருஷ்ணய்யர் தலச்சேரியில் வக்கீலாக இருந்தபோது, 1948இல், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று ஒரு மாதம் உள்ளே வைக்கப்பட்டவர். மலபார் அப்போது நம் சென்னை மாகாணம். 1957இல் கேரளத்தில் அமைச்சரானபோது சிறைத்துறையும் அவர் கையில் இருந்தது. கைதியாக, அமைச்சராக, நீதிபதியாக மூன்று பக்கத்திலிருந்தும் சிறையைப் பார்த்தவர். அவருடைய ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம் திகட்டும், அது வேறு விஷயம். ஆனால் அந்தத் தீர்ப்பில், பெரிய பெரிய வாக்கியங்களுக்கு நடுவே, ஒரு சின்ன உத்தரவு இருக்கிறது. சிறையில் குறைதீர்ப்புப் பெட்டிகள் வைக்க வேண்டும், எல்லாக் கைதிகளும் அதை எட்ட முடிய வேண்டும், அவற்றை மாவட்ட ஆட்சியரும் அமர்வு நீதிபதியும் தங்கள் பொறுப்பில் வைத்துத் திறக்க வேண்டும். அதாவது, பெட்டியின் சாவி சிறைக்காரர்களிடம் இருக்கக் கூடாது.

எனக்கு மொத்தத் தீர்ப்பும் இந்தச் சாவிதான். நீங்கள் வங்கியில் இருப்பவர். "த்ரூ ப்ராப்பர் சேனல்" என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மேனேஜரைப் பற்றிய புகாரை மேனேஜர் வழியாகவே அனுப்பு என்று அர்த்தம். வங்கியில் அதனால் இரண்டு இன்கிரிமென்ட் போகும். சிறையில் காது போகும்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எதிர்வீட்டு அக்காவின் கணவர் சிறையில் இருந்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் இன்லேண்டில் எழுதுவேன், வரும் பதிலை நான்தான் படித்துக் காட்டுவேன். பிரித்துப் பார்த்து மறுபடி பசை தடவி ஒட்டியிருப்பார்கள். ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை, பாதி எழுத்துகளின் மேல் குத்தியிருக்கும். உள்ளே எப்போதும் ஒரே விஷயம்தான்: இங்கு நான் நலம், சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது, அதிகாரிகள் அன்பாக நடத்துகிறார்கள். கையெழுத்து அவருடையது இல்லை, யாரோ எல்லாருக்கும் எழுதிக்கொடுப்பவருடையது. அக்கா ஒருநாள் சிரித்துவிட்டார். "அன்பாவாம்! அந்த மனுஷன் வாயில இந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல தம்பி." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவின் கணவர் வெளியே வந்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. எப்படி ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யாரும் கேட்கவும் இல்லை. ஏன் கேட்கவில்லை? உங்கள் நண்பர் சொன்ன காரணம்தான்.

ஆகவே உரிமை இருக்கிறதா இல்லையா என்பது எனக்குப் பெரிய கேள்வியே இல்லை. நாற்பது வருடத்துக்கும் மேலாகத் தீர்ப்புகள் குவிந்து கிடக்கின்றன. 1980இல் கைவிலங்கு வழக்கு, அதுவும் திகாரிலிருந்து போன ஒரு தந்தியில் தொடங்கியதுதான். செய்தி வெளியே வந்தால் நீதிமன்றம் சில சமயம் அசைகிறது. வராவிட்டால்? பீகாரில் ருதுல் ஷா 1968 ஜூனில் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். வெளியே விட்டது 1982 அக்டோபரில். பதினான்கு வருடத்துக்கு மேல் ஒரு குற்றமும் இல்லாமல் உள்ளே. மனநிலை சரியில்லை என்று அரசு ஒரு காரணம் சொன்னது. 1983இல் உச்ச நீதிமன்றம் மொத்தம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. மேற்கொண்டு வேண்டுமானால் தனியாக வழக்குப் போடலாம் என்றது. அடிப்படை உரிமை மீறலுக்கு உச்ச நீதிமன்றமே நேரடியாகப் பணம் கொடுக்கச் சொன்ன முன்னோடித் தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் சிலாகிப்பார்கள். மாதத்துக்கு 200 ரூபாய் சொச்சம்தான் வருகிறது, நீங்களே வகுத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் அத்தை எழுதலாமா? இதைக் கேட்டுத்தான் நீங்கள் எழுதினீர்கள், நான் எங்கேயோ போய்விட்டேன். எழுதட்டும். அவன் எழுத முடியாது, அதை அவனே சொல்லிவிட்டான். 2024இல் வேலூர் மத்தியச் சிறையின் ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை டிஐஜி வீட்டில் வேலைக்கு வைத்து, பணத்தைத் திருடினார் என்று அடித்து, தனி அறையில் அடைத்த விவகாரம் எப்படி வெளியே வந்தது? அவருடைய அம்மா சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட மனுவில்தான். தலைமைக் குற்றவியல் நடுவர் நேரில் போய் விசாரித்தார், சிபிசிஐடி வழக்குப் பதிந்தது, கைதி சேலம் சிறைக்கு மாற்றப்பட்டார்.

பழிவாங்குவார்களா என்றால், வாங்கலாம். பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் பாதி மனு போடக் கூடாது. சிறைக்கு வெளியே அரசு மருத்துவமனையில் பரிசோதனை வேண்டும், வேறு சிறைக்கு மாற்ற வேண்டும் என்று அதே மனுவில் சேர்த்துக் கேட்க வேண்டும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசமாகக் கிடைப்பார். உச்ச நீதிமன்றம் 1988இல் வகுத்த விதிகளிலேயே, சிறைக் கொடுமை பற்றிய கடிதங்களைப் பொதுநல மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. சிறை முகவரிக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். முதன்மை மாவட்ட நீதிபதிக்கு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்.

இன்னொன்று. அத்தை எழுதியே தீருவேன் என்கிறார். காதைப் பார்த்தது நீங்களும்தானே? எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் காது, அவன் வாயால் சொன்னது என்ன என்று நீங்களும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த மனுவோடு இணையுங்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், கையெழுத்துக்கு யோசிப்பீர்கள் என்று தெரியும். இந்த வாரமே போடுங்கள், வீக்கம் வடிந்துவிடும்.

அன்புடன்